எட்டு ப்ராசஸ், ஒரே விதை

கேள்வி: பைத்தானில் மாண்டி கார்லோ சிமுலேஷன் (சீரற்ற எண்களை வைத்துப் பலமுறை கணக்கிட்டு விடையை மதிப்பிடும் முறை) ஓட்டுகிறேன். நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தில் விதை எண் (seed, சீரற்ற எண்வரிசையைத் தொடங்கும் எண்) 42 கொடுத்து ஒரே ப்ராசஸில் ஓட்டினால் எப்போதும் ஒரே விடை, ஆனால் மணிக்கணக்காகிறது. லினக்ஸில் ஒரே நேரத்தில் ஓடும் 8 ப்ராசஸாகப் பிரித்தேன். எட்டும் அச்சு அசலாக ஒரே எண்களைத் தருகின்றன. விதையில்லாமல் தொடங்கினால் தினம் ஒரு விடை. என்ன வழி?

பதில்: ஃபோர்க் ஆகும்போது (ஒரு ப்ராசஸ் தன் நகலாக இன்னொன்றை உருவாக்கும்போது) தாய் ப்ராசஸின் நினைவகம் அப்படியே நகலாகிறது, சீரற்ற எண்களை உருவாக்கும் நம்பையின் பொது ஜெனரேட்டரும் அதில் அடக்கம். எட்டு பேருக்கும் ஒரே வரிசையில் அடுக்கிய சீட்டுக்கட்டைக் கொடுத்தது போல. பிழை ஏதும் காட்டாது என்பதுதான் வம்பு. 80 லட்சம் மாதிரி எடுத்ததாக நினைப்பீர்கள், கையில் இருப்பது 10 லட்சம்தான்.

'42 உடன் ப்ராசஸ் எண்ணைக் கூட்டு' என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அடுத்த முறை 43-இல் தொடங்கினால், எட்டில் ஏழு வரிசைகள் பழையவையே. தவிர, 16 கோர் மெஷினுக்கு மாறி 16 ப்ராசஸ் ஓட்டினால் விடையும் மாறிவிடும்.

விதையை ப்ராசஸுக்குக் கொடுக்காதீர்கள், வேலைக்குக் கொடுங்கள். மொத்தத்தையும் 1000 துண்டாக வெட்டுங்கள். நம்பையின் சீட்சீக்வென்ஸில் (SeedSequence) 42-ஐக் கொடுத்து, அதன் ஸ்பான் (spawn) மூலம் 1000 கிளை விதைகள் எடுத்து, துண்டுக்கு ஒன்றாக புது ஜெனரேட்டரை உருவாக்கும் டிஃபால்ட்_ஆர்என்ஜி-க்கு (default_rng) அனுப்புங்கள். 17-ஆம் துண்டை எந்தக் கோர் செய்தாலும் அதே எண்கள்தான் வரும். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் புது ஜெனரேட்டர் உருவாக்காதீர்கள்; நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். துண்டுக்குள்ளும் ஃபார் லூப் வேண்டாம், தேவையான எண்களை ஒரே அழைப்பில் அரேயாக வாங்குங்கள்.

2019-இல் நம்பை 1.17-உடன் வந்த இந்தப் புது ஜெனரேட்டர் பிசிஜி64 (PCG64) என்ற அல்காரிதத்தைப் பயன்படுத்துகிறது. நார்மல் பரவல் எண்களுக்கு ஜிகுராட் என்ற வேகமான முறை என்பதால் பழையதைவிட நல்ல வேகம். அதற்கு ஒரு விலை உண்டு: நம்பையின் அடுத்த பதிப்பில் அதே விதைக்கு அதே எண்கள் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. பழைய ஜெனரேட்டரான ரேண்டம்ஸ்டேட்டின் (RandomState) எண்வரிசையைத்தான் மாற்றாமல் உறைய வைத்திருக்கிறார்கள். எனவே விதையோடு பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள்.

இவ்வளவு செய்தும் கடைசி இலக்கங்கள் ஆடினால், கூட்டும் வரிசையைப் பாருங்கள். கணினியின் ஃப்ளோட்டிங் பாயின்ட் கூட்டலில் ஒவ்வொரு படியிலும் விடை சிறிது முழுமையாக்கப்படுவதால், வரிசை மாறினால் விடையும் துளி மாறும். முடிந்த துண்டை முடிந்தவுடன் கூட்டாமல், துண்டு எண்படி அரேயில் போட்டு, எல்லாம் வந்தபின் கூட்டுங்கள்.