அம்மாவின் நாடகத்தை இங்கிலீசில் சொல்லுங்கள்

கேள்வி: சேர், களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். வயது 23. உயர்தரம் கலைப்பிரிவில் படித்தேன். பொது ஆங்கிலத்தில் ஒருவாறு தப்பிவிட்டேன். இரண்டு நேர்முகப் பரீட்சைகளுக்குப் போய், இங்கிலீசில் நாலு வசனம் கோர்வையாகப் பேச முடியாமல் திரும்பி வந்தேன். இங்கிலீஷ் நிகழ்ச்சி பார்த்தால் பேச்சு வரும் என்கிறார்கள். பார்த்தால் ஒன்றும் விளங்குவதில்லை, படத்தை மட்டும்தான் பார்க்கிறேன். வீட்டில் ஒரே டிவி. பொழுதுபட்டால் அது அம்மாவின் நாடகங்களுக்கு. சாதாரண தரம் படிக்கும் தங்கையும் இருக்கிறாள். எங்கே தொடங்குவது?

பதில்: ரிமோட்டை அம்மாவிடமே விட்டுவிடுங்கள், மகள். இப்போதைக்கு உங்களுக்கு இங்கிலீஷ் நிகழ்ச்சி தேவையில்லை. அம்மாவோடு இருந்து அவர் பார்க்கிற தமிழ் நாடகத்தையே பாருங்கள். முடிந்ததும் அதன் கதையைத் தங்கைக்கு இங்கிலீசில் சொல்லுங்கள். பார்ப்பதால் முதலில் வருவது கேட்டுப் பிடிக்கிற காது. இலக்கணமும் சொல்லும் வாய்க்கு வர, சொல்லிப் பார்க்க வேண்டும்.

படம் மட்டும் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் குறை அல்ல. ஸ்டுவர்ட் வெப், மைக்கேல் ரொஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 88 இங்கிலீஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பேச்சை எடுத்துச் சொல் சொல்லாக எண்ணி, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்பெயர், இடப்பெயர்களோடு, அதிகம் புழங்குகிற 3000 சொற்குடும்பங்கள் தெரிந்தால் நூற்றுக்கு 95 சொல் பிடிபடும் என்று வந்தது. கோ, கோஸ், வென்ட், கோயிங் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். அந்தக் கணக்குக்கு நீங்கள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். தமிழ் நாடகத்தில் கதை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. தேட வேண்டியது இங்கிலீஷை மட்டும். அதிலே வருகிற சொற்களும் கல்யாணம், காணி உறுதி, ஆஸ்பத்திரி, கடன், பொய், மன்னிப்பு என்று நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படுகிற சொற்கள்தான்.

நேற்றைய நாடகத்தை அயல்வீட்டு அக்காவிடம் நாம் எப்படிச் சொல்வோம்? 'மாமி வந்தா, சாவிய எடுத்தா, சீலைக்குள்ள ஒளிச்சா.' முழுக்க இறந்தகாலம். இங்கிலீஷ்காரர் நாடகக் கதையோ படக் கதையோ சொல்லும்போது பெரும்பாலும் நிகழ்காலத்தில் சொல்வார்கள். நீங்கள் பார்த்தது நேற்று, அதனால் 'ஐ வொச்ட் இட் லாஸ்ட் நைட்'. கதைக்குள் போனதும் 'ஷீ டேக்ஸ் த கீ'. இறந்தகாலத்தில் சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். பாதி அதிலும் பாதி இதிலும் சொன்னால்தான் கேட்கிறவர் குழம்புவார்.

முன்பு மட்டக்களப்பு டவுனில் நான் பின்னேர வகுப்பு நடத்தியபோது ஒரு பிள்ளை எழும்பி இந்தச் சாவிக் கதையைச் சொன்னாள்: 'மதர்-இன்-லோ இஸ் கமிங். கீ இஸ் டேக்கிங். சாரி இன்சைட் இஸ் ஹைடிங்.' ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு சாவிக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள்! நானும் இடையில் மறிக்கவில்லை, கடதாசியில் குறித்துக்கொண்டேன். அவள் சொல்லி முடித்த பிறகு கரும்பலகையில் எழுதினேன்: 'த மதர்-இன்-லோ கம்ஸ் இன், டேக்ஸ் த கீ அண்ட் ஹைட்ஸ் இட் இன் ஹர் சாரி.'

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் சொன்னது தமிழ் வசனம்தான்: சாவியை எடுக்கிறாள், சீலைக்குள் ஒளிக்கிறாள். தமிழில் 'ஐ' உருபு சாவியைக் காட்டிக்கொடுத்துவிடும், அதை எங்கே வைத்தாலும் பொருள் மாறாது. இங்கிலீசில் அந்த உருபு இல்லை, இடம்தான் உருபு. முன்னுக்கு வைத்தால் சாவியே எதையோ எடுக்கிறது என்று ஆகிவிடும். அடுத்தது, நமக்கு 'வந்தா' என்றால் போதும், யார் என்று வினையே சொல்லிவிடும். இங்கிலீசில் அந்த வேலையில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் 'கம்ஸ்', 'டேக்ஸ்' என்பதில் வருகிற அந்த ஒரு 'ஸ்' மட்டும்தான். சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளும் விடுகிற எழுத்து அது. நாடகக் கதையில் நானும் நீயும் இல்லை, அவனும் அவளும்தான். ஆகவே பத்து வசனம் சொன்னால் ஏறக்குறைய பத்துத் தரம் 'ஸ்' வந்தாக வேண்டும். இதைவிட நல்ல பயிற்சியை எந்தப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

'இஸ் குக்கிங்' மாதிரியான வினையை, ஒன்று நடந்துகொண்டிருக்க இன்னொன்று குறுக்கே வரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 'ஷீ இஸ் குக்கிங் வென் த போன் ரிங்ஸ்.'

சாவியை எடுத்தது யார் என்று வீட்டில் சந்தேகம் கிளம்புகிற நாள் உங்களுக்கு நல்ல நாள். 'அவன்தான் எடுத்திருப்பான்' என்று அம்மா சொன்னால் 'ஹீ மஸ்ட் ஹாவ் டேக்கன் இட்'. 'எடுத்திருக்கலாம்' என்றால் 'மைட் ஹாவ் டேக்கன்'. 'எடுத்திருக்க ஏலாது' என்றால் 'கான்ட் ஹாவ் டேக்கன்'. தமிழில் வால் மாறுகிறது, இங்கிலீசில் தலை மாறுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த வினைச்சொல் அட்டவணையின் மூன்றாவது வரிசை எதற்கு என்று அப்போது தெரியும்.

நாடகத்தில் ஆளுக்கு ஆள் கோள் சொல்வதற்குக் குறைவில்லை. அங்கே ஒன்றை மட்டும் பாருங்கள்: 'டெல்'லுக்குப் பக்கத்தில் கேட்பவர் நிற்க வேண்டும், 'சே'க்கு வேண்டாம். 'ஷீ டெல்ஸ் ஹிம் தட்...', 'ஷீ சேஸ் தட்...'.

டிவியைப் பற்றிய பேச்சிலேயே நாம் சறுக்குகிற இடங்கள் உண்டு. 'டிவியைப் போடு' என்பதை 'புட் த டிவி' ஆக்காதீர்கள், 'டர்ன் ஒன்' அல்லது 'சுவிட்ச் ஒன்'. டிவியில் என்ன போகிறது என்பதற்கு 'வொட்ஸ் ஒன் டிவி?'. பார்ப்பது 'வொச்', 'சீ' அல்ல. நியூஸ் பன்மை மாதிரி இருந்தாலும் ஒருமைதான். எனக்குப் பிடித்த பிழை 'ஐ ஆம் போரிங்'. போரடிக்குது என்று சொல்ல வந்து, 'நான் ஒரு அறுவை' என்று ஒப்புக்கொள்வது! நாடகம் 'போரிங்', நீங்கள் 'போர்ட்'.

கதை சொல்லி அலுத்தால் கருத்துச் சொல்லுங்கள். இந்திய நாடகங்களில் பாதிச் சண்டை, மருமகள் மாமியார் வீட்டுக்குப் போவதால் வருகிறது. நம் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுக்கிறோம், மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருக்கிறார். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினரிடமும் இதுதான் வழக்கம். 'இன் அவர் பிளேஸ் த ஹஸ்பன்ட் மூவ்ஸ் இன் வித் த வைஃப், ஸோ...' என்று தொடங்கி நாலு வசனம் சொல்லுங்கள். உங்கள் ஊரைப் பற்றி நேர்முகத்தில் கேட்டால் கையில் ஒரு பதில் இருக்கும்.

நேரம் அதிகம் வேண்டாம். விளம்பரம் போகும்போது கொப்பியில் ஐந்து சொல் எழுதுங்கள், காணி உறுதிக்குத் தனியாக 'டீட்' என்று எழுதாமல் 'சைன் த டீட்' என்று அதன் கூட்டாளியோடு. பிறகு அதே கதையை மூன்று தரம் சொல்லுங்கள்: முதலில் நாலு நிமிடத்தில், பிறகு மூன்றில், கடைசியாக இரண்டில். ஆங்கில ஆசிரியர்களிடையே பழைய பயிற்சி இது. மூன்றாம் தரம் வசனத்தைத் தேட நேரம் இருக்காது, வாய் தானாக எடுத்துக்கொடுக்கும். கேட்கத் தங்கை இல்லாவிட்டால் போனில் பதிவு செய்யுங்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து இங்கிலீஷ் கேட்கலாம். முதலில் கிரிக்கெட் வர்ணனை. ஆட்டம் உங்களுக்குத் தெரியும், சொல்கிறவரும் பெரும்பாலும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார். அடுத்து, தமிழில் கேட்ட அன்றைய செய்தியையே இங்கிலீசில் கேளுங்கள். பிறகுதான் நாடகமும் படமும், அடியில் ஓடுகிற எழுத்து இங்கிலீசாகவே இருக்கட்டும். தமிழ் எழுத்து ஓடினால் கண் அதைத்தான் படிக்கும், காது தூங்கிவிடும்.

தங்கைக்கு ஒரே வேலை கொடுங்கள். நீங்கள் சொல்லும்போது 'ஸ்' விடுபட்டால் ஒரு விரலை உயர்த்துவது. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. அடுத்த நாள் அவள் சொல்ல, விரல் உங்களுடையது.