எஸ்.ஓ.பி.யில் முதல் வரியை மாற்றுங்கள், தம்பி

தம்பி, மேற்படிப்பு விண்ணப்பத்துக்காக நீங்கள் அனுப்பிய எஸ்.ஓ.பி.யை (நோக்க அறிக்கையை) இரண்டு முறை படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய முதல் வரியிலேயே இடறுகிறது: ‘ஆஸ்திரேலியாவால் முடிந்தது அமெரிக்காவால் ஏன் முடியவில்லை?’ பொதுக்கொள்கை படிக்க விரும்பும் வேறு பிள்ளைகளும் இதே கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் உள்ள போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 12 நாளில் பிரதமர் ஜான் ஹோவர்ட் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்க மாநிலங்களைச் சம்மதிக்க வைத்ததும், அரசு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியதும் சரியாக வந்திருக்கின்றன. ஆனால் ‘மக்கள் ஒரே மனதாக ஏற்றார்கள்’ என்பது தவறு. அந்த ஜூன் மாதம் சேல் என்ற ஊரில் துப்பாக்கி வைத்திருப்போர் கூட்டத்தில் பேசப்போன ஹோவர்ட், கோட்டுக்குள் குண்டு துளைக்காத சட்டை போட்டிருந்தார். அது வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. நாமும் அமெரிக்கா மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் விஷயமே அங்கேதான் இருக்கிறது. ‘நாங்கள் யார்’ என்பதற்கு முன்னால் ‘நாங்கள் யார் இல்லை’ என்பது வருகிறது.

அமெரிக்காவில் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் தற்காப்பு என்று சொன்னால் உரிமம் கிடைக்காது. அமெரிக்காவிலோ 2008இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தரும் தனிமனித உரிமை என்றது உச்ச நீதிமன்றம். 2022இல் அதே நீதிமன்றத்தின் ப்ரூயன் தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டம் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. அதாவது நீதிமன்றமே ‘நம் மரபு என்ன’ என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு டாஸ்மேனியாவிலிருந்து பதில் கொண்டுபோனால் எடுபடுமா?

சுவிட்சர்லாந்தை நீங்கள் தொடவே இல்லை, எனக்கு அதுதான் குறை. குடிமகனே படைவீரன் என்ற பெருமை உள்ள நாடு. ராணுவத் துப்பாக்கியை வீட்டில் வைக்காமல் கிடங்கில் வைக்கும் யோசனையை 2011 வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அதே மக்கள் 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான துப்பாக்கி விதிகளைச் சுமார் 64 சதவீதம் பேர் ஆதரித்து ஏற்றார்கள். மறுத்திருந்தால், ஐரோப்பிய நாடுகளுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர உதவும் ஷெங்கன் ஏற்பாட்டிலிருந்தே வெளியேற நேரலாம் என்ற கவலை இருந்தது. அடையாளமும் சில சமயம் வளைந்து கொடுக்கிறது. எப்போது என்று கேளுங்கள், நல்ல ஆய்வுக் கேள்வி கிடைக்கும்.

அப்புறம், உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடிய ஒன்று. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். பக்கத்துக் குடகிலோ அந்த மண்ணின் சமூகமான கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உரிமம் எடுப்பதில் விலக்கு. கைல்போது என்ற ஆயுத வழிபாட்டுப் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். இதை ஒரு பத்தி எழுதுங்கள்.

அம்மா ‘துப்பாக்கிப் படிப்பா?’ என்று பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பட்டத்தில் பொதுக்கொள்கை என்றுதான் இருக்கும் என்று சொல்லுங்கள். ஜெனீவாவில் சிறு ஆயுத ஆய்வு மையமும் ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தின் செயலகமும் இருக்கின்றன. ஆனால் அந்த வாசலை மட்டும் நம்பிப் போகாதீர்கள், இடங்கள் குறைவு. புள்ளியியலும் பிரெஞ்சும் கூட இருந்தால் வேறு துறைக்கும் போகலாம்.

குடகுப் பத்தியை முதலில் எழுதி அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.