ரெய்னியர் எரிமலை பார்த்து வந்தேன், கேளுங்கள்

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மகள் வீட்டுக்குப் போனபோது ரெய்னியர் எரிமலையைப் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டை திரும்பியிருக்கிறேன். நிலவியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன.

திசையன்விளை தம்பி: உள்ளே நெருப்பு, மேலே பனி. எப்படி சார் உருகாமல் கிடக்கிறது?

உங்கள் ஊர்ச் செம்மணல் தேரியில் சித்திரை மதியம் கால் வைக்க முடியாது. அங்கேயே ஒரு முழம் தோண்டிக் கையை விடுங்கள், இதமாக இருக்கும். மண்ணும் கல்லும் சூட்டை லேசில் கடத்தாது. ரெய்னியரில் பாறைக்குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உச்சியோ 4,392 மீட்டர் உயரம், அங்கே கடுங்குளிர். ஆனாலும் உச்சியில் ஆவி கசிகிற இடங்களில் பனி உருகிக் குகையாகியிருக்கிறது. நான் அங்கெல்லாம் ஏறவில்லை, முட்டி ஒத்துவராது. பாரடைஸ் என்ற இடம் வரை கார் போகும்.

உடன்குடி மதினி: ஹவாயில் குழம்பு ஆறாக ஓடுகிறது, இந்த வகை மட்டும் ஏன் வெடிக்கிறது?

பதநீர் காய்ச்சுகிற வீட்டில் இதைக் கேட்கலாமா மதினி! ஆரம்பத்தில் நுரை சும்மா பொங்கி அடங்கும். பாகு இறுகியதும் ஒவ்வொரு குமிழும் 'தொப்'பென்று வெடித்துக் கையில் தெறிக்கும். ரெய்னியர் வகைக் குழம்பில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற பொருள், அதிகம், அதனால் பிசுபிசுப்பு. வாயு எளிதில் வெளியேறாது. ரெய்னியருக்குத் தெற்கே இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வெடித்து 57 பேர் இறந்தார்கள்.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி: நம் பொதிகையும் எரிமலைதானா?

இல்லை அண்ணாச்சி. அது பூமிக்கு வெகு ஆழத்தில் வெந்து இறுகிய சார்னோக்கைட், நைஸ் பாறை. மேலே இருந்தது கரைந்து போக, இது வெளியே வந்தது.

ஸ்ரீவைகுண்டம் அக்கா: அங்கே இருப்பவர்களுக்கு நெருப்புக்குழம்புதானே பயம்?

அதைவிடப் பனிதான் பயம், வெடித்தால் உருகி வெள்ளமாக இறங்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வந்த வரத்தைப் பார்த்தீர்களே. அந்த வெள்ளத்தில் சாம்பலும் பாறையும் கலந்து, சிமெண்டுக் கலவை பதத்தில் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். லாஹர் என்பார்கள், ஜாவா மொழிச் சொல். 1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை சின்ன அளவில்தான் வெடித்தது. உருகிய பனி பள்ளத்தாக்கு வழியே இறங்கி, 70 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அர்மேரோ ஊரைப் புதைத்தது. மொத்தம் சுமார் 23,000 பேர் போனார்கள். வெடித்ததற்கும் சேறு வந்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அதுதான் மனசு ஆறவில்லை. ரெய்னியர் அடிவாரத்தில் அபாயச் சங்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மேட்டுக்கு நடந்து பழகுகிறார்கள்.

தென்காசி தம்பி: எப்போது போகலாம்? கல் கொண்டு வந்தீர்களா?

ஆகஸ்டில் போங்கள், கறுப்புக் கண்ணாடி அவசியம். தேசியப் பூங்காவில் கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. பேத்தி பாக்கெட்டில் போட்டதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். குதிகால் தேய்க்கிற நுரைக்கல் வீட்டில் இருந்தால் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நிஜமான கல்லானால் மிதக்கும், அது எரிமலை துப்பியதுதான்.