‘கொம்பு மானையாவது’

அன்புள்ள ஆசிரியருக்கு,

விஸ்கான்சினில் மேடிசன் பக்கம் ஆறு வருடமாக இருக்கிறோம். போன நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெண் மானைச் சுட்டுக் கராஜில் தொங்கவிட்டிருந்தார். என் எட்டு வயது மகள் அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுதாள். கொம்பு மானையாவது சுடலாம். பெண் மானைச் சுட அரசாங்கமே அனுமதி தருவது காட்டுமிராண்டித்தனம் இல்லையா? மகளுக்கு என்ன சொல்வது? அவர் கொடுத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? மான்களுக்கு ஏதோ நோய் என்கிறார்கள்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

அந்த மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்தாரா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள், நோய் இல்லையென்றால் சாப்பிடுங்கள். அவ்வளவுதான்.

மகள் அழுததில் தப்பே இல்லை. எட்டு வயதில் அழாமல் எப்போது அழுவாள்? ஆனால் ‘கொம்பு மானையாவது’ என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. நூறு வருடமாக அந்தக் காட்டைப் பாடாய்ப் படுத்துவது இந்த ‘யாவது’தான்.

கண்டபடி சுட்டு மான் அருகிப்போயிருந்த காலத்தில், 1915இல், ஆண் மானை மட்டுமே சுடலாம் என்று அங்கே சட்டம் போட்டார்கள். அன்றைக்கு அது சரி. மான் பெருகியது. ஓநாயையோ தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கொன்று தீர்த்தார்கள். நாளடைவில் சட்டம் வழக்கமாகிவிட்டது. பெண் மானைச் சுடுவது கேவலம் என்று அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். பனிக்காலத்தில் எட்டிய மட்டும் தழையைத் தின்று தீர்த்தபின் மான்கள் பட்டினியில் செத்தன. எட்டாத குட்டிகள்தான் முதலில். நீங்கள் பரிதாபப்படுகிற அதே குட்டிகள், ஐயா!

இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தில் இருந்த ஆல்டோ லியோபோல்ட் இதைத்தான் மன்றாடிச் சொன்னார். 1943இல் பெண் மானையும் சுட விட்டார்கள். ஊரே கொதித்து, அதற்கு ‘43இன் குற்றம்’ என்று பெயர் வைத்தது. அப்புறம் 1996இல், கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டால்தான் கொம்பு மானுக்கு அனுமதி என்று சில பகுதிகளில் விதி வந்தது. வேட்டைக்காரர்கள் பலருக்கே அது பிடிக்கவில்லை. 2011இல் சட்டமன்றம் அதை எடுத்தே விட்டது.

அந்த மாநிலத்தின் வடக்கே ஒரு நண்பர் என்னைக் காட்டுக்குள் அழைத்துப்போய், மான் நுழையாதபடி கம்பிவேலி போட்ட ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினார். வேலிக்கு வெளியே பெரணி மட்டும். குனிந்து தேடினேன், ஹெம்லாக் என்கிற ஊசியிலை மரத்தின் கன்று ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளெல்லாம் பட்டணம் போய்விட்ட தெரு மாதிரி கிழட்டு மரங்களாக நின்றன. வேலிக்குள்ளே என் இடுப்பளவு கன்றுகள். அவற்றின் அடியில் மூன்றிதழ் விரித்த வெள்ளை ட்ரில்லியம். கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

மகளை அப்படி ஒரு வேலிக்குக் கூட்டிப்போங்கள். மே மாதம் போங்கள், ட்ரில்லியம் அப்போதுதான் பூக்கும்.