ஆர்க்கிட் இலை விடுகிறது, பூ விட மாட்டேன் என்கிறது! – வாசகர் கேள்வி பதில்

பூவோடு வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். மூன்று மாதம் பூ நின்றது. பிறகு ஒன்றரை வருடமாக இலை மட்டுமே வருகிறது. ஹாலில் டி.வி. பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில்தான் வைத்திருக்கிறேன். என்ன உரம் போடலாம்?
– வாசகி, வேளச்சேரி

உரம் வேண்டாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கும் செடிக்கு உரத்தைக் கூட்டினால் அது தொட்டியில் உப்பாகத் தேங்கி வேர் நுனியைக் கருக்கும். உங்கள் செடிக்குக் குறைவாக இருப்பது வெளிச்சம்தான்.

"நல்ல வெளிச்சம்" என்பது நம் கண் சொல்லும் கணக்கு. கண்மணி நிழலில் விரியும், வெயிலில் சுருங்கும். அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். டியூப்லைட் எரியும் ஹாலில் 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். ஃபெலனாப்சிஸ் பூக்கக் கேட்பது 10,000 முதல் 15,000 லக்ஸ். 300 லக்ஸில் அது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். பூத்தண்டு விடும் அளவுக்குச் சேமிப்பு அதனிடம் இருக்காது.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். போனில் இலவச லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒளியை உணரும் சென்சார் திரையின் மேல்பக்கம், காதில் வைக்கும் ஸ்பீக்கருக்கு அருகே இருக்கும். போனை இலை இருக்கும் உயரத்தில் பிடித்து, திரையை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். காலை 9, மதியம் 12, மாலை 3 என்று மூன்று வேளையும் குறித்துவையுங்கள். போனுக்குப் போன் எண் கொஞ்சம் மாறும். ஆனால் இந்த இடமா, அந்த இடமா என்று ஒப்பிட அது போதும். ஜன்னல் விளிம்பில் 8,000 காட்டும் போன், ஆறடி உள்ளே வந்தால் 500-ஐத் தொடுவதே பெரிய விஷயம் என்பதைப் பார்ப்பீர்கள். கொசுவலையை மூடியும் திறந்தும் ஒரு முறை அளந்து பாருங்கள். தூசி படிந்த வலை கணிசமாக விழுங்கிவிடும்.

ஆப் வேண்டாம் என்றால், செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக, வெட்டினாற்போல் நிழல் விழுந்தால் வெயில் அதிகம். விளிம்பு மங்கி, ஆனால் கை என்று தெரிகிற நிழல் ஃபெலனாப்சிஸுக்குச் சரி. நிழலே தெரியவில்லை என்றால் அந்த இடம் பூக்கும் செடிக்கு ஆகாது.

இலையும் சொல்லும். கரும்பச்சையாக, நீண்டு, தொங்கினால் பட்டினி. இளம்பச்சையாக, தடித்து, விறைப்பாக நின்றால் சரி. ஓரம் சிவந்து மஞ்சள் தட்டினால் வெளிச்சம் எல்லை தாண்டுகிறது.

கிழக்கு ஜன்னல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே வையுங்கள், விளிம்பிலிருந்து ஓரடிக்குள். காலை எட்டரை மணி வரை நேர் வெயில் பட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் பட்டால் ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போதும். இடம் மாறியதும் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக இருக்கும் ஊடகம் (மரப்பட்டை, கரி போன்றவை) வேகமாகக் காயும். பழைய கணக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.

வெளிச்சம் சரியானாலும் ஃபெலனாப்சிஸுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. பூத்தண்டு கிளம்ப, சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ குளிர்ச்சி வேண்டும். 28-க்கு மேலேயே இருந்தால் இலைதான் வரும். சென்னையில் அதற்கு வாய்ப்பு மார்கழி, தை மட்டும்தான். அந்த இரண்டு மாதமும் இரவில் ஜன்னலைத் திறந்துவையுங்கள். அடுத்த முறை ஆர்க்கிட் வாங்கினால் டென்ட்ரோபியம் வாங்குங்கள் என்பது எங்கள் யோசனை. 15,000 லக்ஸுக்கு மேல் கேட்கும். ஆனால் 50 சதவீத நிழல்வலை (வெயிலில் பாதியைத் தடுக்கும் வலை) கட்டிய பால்கனி அதற்குப் போதும், சென்னைச் சூட்டுக்கும் அசராது.

எங்கள் வீட்டு பால்கனி வடக்குப் பார்த்தது. வடக்கில் நேர் வெயில் வராது என்று படித்துவிட்டு அங்கே நான்கு ஆந்தூரியம் வைத்தேன். ஏப்ரல் வரை அருமையாக இருந்தன. மே மாதம் இலைகள் திட்டுத் திட்டாக வெளுத்துக் காய்ந்துவிட்டன. பூஞ்சை மருந்து அடிக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

மருந்து அடித்துப் பயனில்லை. அது வெயில் சுட்ட காயம். நீங்கள் படித்தது இங்கிலாந்துக்கோ வட அமெரிக்காவுக்கோ எழுதியதாக இருக்கும். அங்கே ஆண்டு முழுவதும் உச்சிச் சூரியன் தெற்கில்தான் நிற்கும். சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்குச் சுவரில் காலையும் மாலையும் சாய்வெயில் அடிக்கும். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இது ஒரு வாரம், பத்து நாள் முன்பே தொடங்கி, அதே அளவு பிந்தி முடியும்.

தெற்கு ஜன்னலுக்குக் கதை தலைகீழ். மே, ஜூனில் அங்கே நேர் வெயிலே இல்லை. மார்கழியில் உச்சிச் சூரியனே 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து ஜன்னல் விளிம்பில் வந்து விழும். ஆக, நம் ஊரில் செடி வருடத்துக்கு இரண்டு முறை இடம் மாற வேண்டும்: சித்திரையில் வடக்கு பால்கனியிலிருந்து தெற்கு ஜன்னலுக்கு, ஆவணி பிறந்ததும் மறுபடி வடக்குக்கு. நகர்த்த முடியாவிட்டால் அந்த நான்கு மாதமும் 75 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஆந்தூரியத்தைத் தொழிலாக வளர்ப்பவர்கள் ஆண்டு முழுவதும் அந்த வலைக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்கள். மேற்கு பால்கனியானால் வலை இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். மூன்று மணி வெயில் இலையைத் தொட்டால் சுடும் அளவுக்கு ஏற்றிவிடும். சுட்டால், அந்த இடம் தப்பு.

பூஞ்சையா, வெயிலா என்று பிரிப்பது எளிது. வெயில் காயம் சூரியனைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும். முதலில் வெளுத்து, பிறகு பழுப்புக் காகிதம்போல் காய்ந்து அப்படியே நின்றுவிடும். பூஞ்சைப் புள்ளிக்குப் பெரும்பாலும் மஞ்சள் வளையம் இருக்கும், நாளுக்கு நாள் பரவும்.

பாதிக்கு மேல் பச்சையாக இருக்கும் இலையை வெட்டாதீர்கள். ஆந்தூரியத்தில் ஒரு இலைக்கு ஒரு பூ என்பதுதான் கணக்கு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள், அரிசி அளவில் பூமொட்டு உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் அந்த மொட்டு அங்கேயே காய்ந்துவிடும், அடுத்த இலை மட்டும் நீண்ட காம்போடு எட்டிப் பார்க்கும். நிழலில் வளர்ந்த செடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பழைய இலை புது வெயிலுக்குப் பழக அவகாசம் வேண்டும்.

எங்கள் ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆப்பிரிக்கன் வயலட் வளர்க்க ஆசை. ஊதா நிற குரோ லைட்தான் வாங்க வேண்டுமா?
– வாசகி, கோவை

வேண்டியதில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி.யிலேயே சிவப்பும் நீலமும் போதுமான அளவு இருக்கின்றன. ஊதா விளக்கில் செடி வளரும்தான். ஆனால் இலை மஞ்சளா பச்சையா என்று உங்களுக்குத் தெரியாது, ஹாலும் பார்க்கச் சகிக்காது.

நான்கடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு வாங்குங்கள். பெட்டியில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றும் 2,000 லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) தருகிறதா என்று பாருங்கள். நிறம் 4,000 அல்லது 6,500 கெல்வின், இரண்டும் சரிதான். ஷெல்ஃபின் மேல்தட்டுக்கு அடியில் இரண்டையும் நான்கு அங்குல இடைவெளியில் பொருத்தி, இலையிலிருந்து விளக்குக்கு 20 செ.மீ. இருக்கும்படி தொட்டியை வையுங்கள். அங்கே 7,000 லக்ஸ் அளவுக்குக் கிடைக்கும். இதே விளக்கு கூரையில் மாட்டியிருந்தால் செடிக்குச் சில நூறு லக்ஸ்கூட எட்டாது. பலர் தவறுவது இங்கேதான்: விளக்கு நல்லதாக இருக்கும், தூரம் அதைக் கெடுத்திருக்கும்.

ஜன்னல் வெளிச்சம் அறவே இல்லை என்பதால் தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். டைமர் ப்ளக் ஒன்று போட்டுவிடுங்கள். நாம் கையால் போட்டு அணைத்தால் நான்கு நாளில் மறந்துவிடும். இரவு முழுக்க எரிய விடாதீர்கள், வயலட்டுக்கு எட்டு மணி நேரமாவது இருட்டு வேண்டும். மின்சாரம் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல், மாதம் 15 முதல் 17 யூனிட் ஆகும்.

நடு இலைகள் நெருங்கி, சுருண்டு, இறுகினால் விளக்கு பக்கத்தில் இருக்கிறது, ஐந்து செ.மீ. தள்ளுங்கள். இலைகள் கும்பிடுவதுபோல் மேலே நிமிர்ந்து, காம்பு நீண்டால் வெளிச்சம் போதவில்லை, அருகே கொண்டுவாருங்கள்.

பீஸ் லில்லிக்கு வெளிச்சமே வேண்டாம் என்று நர்சரியில் சொன்னார்கள். வந்த இரண்டு பூவும் பச்சையாகிவிட்டன.
– வாசகர், திருச்சி

பூ பச்சையாவது நோயல்ல. வெள்ளை மடல் முதிர்ந்தால் பச்சையாகும். அதை அடியோடு வெட்டிவிடுங்கள். வெளிச்சமே வேண்டாம் என்பது மட்டும் தவறு. இருட்டில் இலை நிற்கும், அடுத்த பூ வராது. நேர் வெயில் படாத ஜன்னலுக்கு மூன்றடிக்குள் வையுங்கள்.

என் ஃபெலனாப்சிஸில் பூத்தண்டு வந்துவிட்டது! எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும்படி தினமும் தொட்டியைத் திருப்பலாமா?
– வாசகி, ஓசூர்

கூடவே கூடாது. தண்டு வெளிச்சத்தை நோக்கி வளரும், மொட்டுகளும் அந்தப் பக்கம் பார்த்தே அணிவகுக்கும். நடுவில் திருப்பினால் ஒவ்வொரு மொட்டும் காம்பை முறுக்கிக்கொண்டு வேறு வேறு திசை பார்க்கும். தொட்டி விளிம்பில் ஜன்னல் பக்கமாக ஒரு மார்க்கர் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்ற எடுத்தாலும் அதே திசையில் திருப்பி வைக்கலாம். கடைசி மொட்டும் விரிந்த பிறகு ஹாலுக்குக் கொண்டுபோய் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.