போகும் வழிதான் விளையாட்டு

அன்புள்ள சார்,

வணக்கம். சூப்பர்ஹீரோக்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் இன்சோம்னியாக் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘ஸ்பைடர்மேன்’ வீடியோ கேமைப் பாராட்டியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் தள்ளுபடியில் வாங்கினேன். சில மணி நேரம் ஆடியிருப்பேன். நியூயார்க் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாம் செய்வது என்ன? மேப்பில் ஒரு புள்ளி; அங்கே போனால் பத்து அடியாட்கள்; கன்ட்ரோலரில் ஸ்கொயர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் விழுகிறார்கள்; அடுத்த புள்ளி. வலையில் தொங்கிப் போவது முதல் நாள் பிடித்திருந்தது. இப்போது சப்வே, அதாவது சுரங்க ரயில், திறந்துவிட்டதால் நேரம் மிச்சம் என்று அதிலேயே போய்விடுகிறேன். ஸ்பைடர்மேனின் தோழி மேரி ஜேனாக ஒளிந்து ஒளிந்து நடக்கும் பகுதி வந்ததும் அணைத்துவிட்டேன். இதில் அப்படி என்ன கண்டீர்கள்? மேலே ஆடலாமா, விட்டுவிடலாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

விட்டுவிடாதீர்கள். ஆனால் முதலில் சப்வேயை விடுங்கள். ரயிலில் ஸ்பைடர்மேன் மற்ற பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து வரும் காட்சிகள் ரசிக்கத்தக்கவைதான். ஓரிரு முறை பார்த்தால் போதும். நானும் இன்னும் கதையின் பாதியைத் தாண்டவில்லை, அதனால் முழுக் கதையைப் பற்றி இப்போது பேச முடியாது. இதுவரை ஆடியதில் எனக்கு ஐயமில்லாமல் தெரிந்தது ஒன்று: இந்த கேமின் உயிர் ஒரு சண்டையிலிருந்து அடுத்த சண்டைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. நீங்கள் மிச்சம் பிடித்தது அந்த நேரத்தைத்தான்.

வலை வீசும் ஆர்2 பட்டனை அழுத்தும்போது நூல் எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய ஸ்பைடர்மேன் கேம்களில் அவன் வானத்தைப் பிடித்துத் தொங்குவான். மேலே ஒன்றுமே இருக்காது. 2004-இல் திரையார்க் செய்த ‘ஸ்பைடர்மேன் 2’ கேம்தான் நிஜமான கட்டடத்தில் நூல் ஒட்ட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்து, அதைச் சுகமாகவும் ஆக்கிக் காட்டியது. இன்சோம்னியாக் அந்த விதியைக் கைவிடவில்லை. மற்றதெல்லாம் ஊஞ்சல் கணக்கு. ஊஞ்சல் தரையை ஒட்டி வரும்போதுதான் வேகம் அதிகம். அந்த நொடியில் பட்டனை விட்டால் முன்னால் பாய்வீர்கள். சற்றுப் பொறுத்து, மேலேறும்போது விட்டால் உயரம் கிடைக்கும், வேகம் போய்விடும். வேகம் வேண்டுமென்றால் உச்சியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, தெருவில் போகும் டாக்சிகளின் கூரை தெரியும்வரை காத்திருந்து நூலை வீச வேண்டும். எல்2-வையும் ஆர்2-வையும் சேர்த்து அழுத்தி ஒரு தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்குப் போய், கால் படும் கணத்தில் எக்ஸ் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அங்கே நிற்காமல் எகிறிப் போவான்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகு ஊரே வேறாகத் தெரிகிறது. மிட்டவுனில் நீளமான வீச்சு. ஹார்லெம் பக்கம் கட்டடங்கள் தாழ்ந்துவிடுவதால் தெருவை உரசிக்கொண்டு போக வேண்டும். சென்ட்ரல் பார்க்கில் மரங்களை விட்டால் பிடிமானம் கிடையாது. மன்ஹாட்டனின் ஏற்ற இறக்கம் கைவிரலுக்குப் பழகிவிடுகிறது. போகிற வழியில் அவன் பேசுவதையும் கேளுங்கள். அவனுக்குக் குரல் கொடுத்த யூரி லோவென்தால் பல வசனங்களை இரண்டு விதமாகப் பேசிப் பதிவுசெய்திருக்கிறார்: சும்மா நிற்கும்போது ஒன்று, தொங்கிப் போகும்போது மூச்சு வாங்க ஒன்று. பேச்சின் நடுவே நீங்கள் நின்றால் குரலும் நிதானத்துக்கு வந்துவிடும். எத்தனை பேர் கவனிப்பார்கள் என்று பார்க்காமல் செய்த வேலை இது. எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை.

சண்டைக்கு வருவோம். நீங்கள் எந்த லெவலில் ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை. எளிதான ‘ஃப்ரெண்ட்லி’யாக இருந்தால் ஸ்கொயர் பட்டனே போதும், சலிப்பும் வரும். கடினமான ‘ஸ்பெக்டாக்குல’ருக்கு மாற்றுங்கள். துப்பாக்கிக்காரன் இரண்டு முறை சுட்டால் கதை முடியப் பார்க்கும். அப்போதுதான் இவன் அடிவாங்கி நிற்கக்கூடியவன் இல்லை, அடியிலிருந்து நழுவத் தெரிந்தவன் என்பது புரியும். தலையைச் சுற்றிக் கோடுகள் மின்னும்போது சர்க்கிள் பட்டனைத் தட்டி விலக வேண்டும். கேடயம் வைத்திருப்பவனின் கால்களுக்கிடையே சறுக்கிப் போய்ப் பின்னாலிருந்து அடிக்க வேண்டும். தடியனை முதலில் வலையால் கட்டாமல் கிட்டே போகக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது ஃபோகஸ் பட்டை. காயத்தை ஆற்றவும் அதுதான் செலவாகும், ஒருவனை ஒரே அடியில் வீழ்த்தவும் அதுதான். உயிர் சொட்டாக இருக்கும்போது எதற்குச் செலவழிப்பது என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று. மொட்டை மாடியில் சண்டை போடும்போது ஒருவனை விளிம்புக்கு வெளியே உதைத்துத் தள்ளிவிட்டு, எட்டிப் பாருங்கள். கீழே விழுந்திருக்க மாட்டான். சுவரில் வலையோடு ஒட்டிக்கொண்டிருப்பான். நீங்கள் எதுவும் செய்யவில்லை; ஸ்பைடர்மேன் தானாகவே அவனைக் காப்பாற்றிவிட்டான். ஒரு வார்த்தை பேசாமல் இவன் யாரென்று சொல்லிவிடுகிறார்கள். முதல் காட்சியும் அப்படித்தான். நிழலுலக தாதா ஃபிஸ்கைப் பிடிக்க அவசரமாகக் கிளம்பும் பீட்டரின் (முகமூடிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பைடர்மேன்) கதவுக்கு அடியில் வாடகை பாக்கி நோட்டீஸ் வருகிறது. வயது 23, எட்டு வருடமாக ஊரைக் காக்கிறான், வாடகை கட்டக் காசில்லை. பிறகு வீட்டையே பூட்டிவிடுகிறார்கள். சாமான்கள் குப்பை வண்டிக்குப் போய்விடுகின்றன. இந்தப் பீட்டருக்காகத்தான் நான் மேலே ஆடுகிறேன்.

மேப் புள்ளிகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. போலீஸ் ரேடியோ டவர்களைச் சரிசெய்வதும், திரும்பத் திரும்ப அதே கார் துரத்தலும் அலுப்புத்தான். எல்லாவற்றையும் முடித்தே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போகிற வழியில் குறுக்கிட்டால் செய்யுங்கள். பீட்டர் ஊரெங்கும் விட்டுவைத்த முதுகுப் பைகளை மட்டும் விடாதீர்கள். மொத்தம் 55. ஒவ்வொன்றிலும் அந்த எட்டு வருடத்தின் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு பையில் இன்னொரு சூப்பர்ஹீரோவான ‘டேர்டெவில்’, வக்கீல் மாட் மர்டாக்கின் விசிட்டிங் கார்டு.

மேரி ஜேன் பகுதிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பத்திரிகையாளராக அவள் தானே துப்புத் தேடிப் போகிறாள் என்ற எண்ணம் நல்லது. ஆனால் ஏலக் கூடத்தில் ஒரே ஒரு வழியைத்தான் தந்திருக்கிறார்கள், காவலாளி பார்த்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. தவிர்க்கவும் முடியாது. நல்லவேளையாக அது சின்னப் பகுதி. அதைக் கடந்ததும் ஏதாவதொரு உயரமான கூரையில் ஏறி, தெற்கே ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து ஹார்லெம் வரை கால் தரையில் படாமல் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள்.

அன்புடன்.