ஐப்பசி மழையில் வைகைக் கரைப் பயணம்: வானத்தை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி: நானும் என் நண்பரும் ஐப்பசியில் மதுரையிலிருந்து சோழவந்தான், வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம் என்று ஆற்றோர ஊர்களின் வழியாக இரண்டு நாள் பைக்கில் சென்றுவர எண்ணியிருக்கிறோம். வண்டி ஒன்றுதான், 125 சிசி. மழை பெய்தாலும் போகவே விரும்புகிறோம். தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் கடக்கலாமா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் பாதையை முடிவு செய்யப்போவது உங்கள் தலைமேல் பெய்யும் மழையன்று. மேற்கே மலையில் முந்தைய இரவு பெய்த மழைதான் அதை முடிவு செய்யும். சோழவந்தானில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் புதுவெள்ளம் வந்துவிடக்கூடும் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டால், மற்ற ஏற்பாடுகள் எளிதாகும்.

ஆகவே புறப்படும் நாள் காலையில் வானிலை அறிக்கையோடு நாளிதழில் வரும் அணை நிலவரத்தையும் பாருங்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொடும்போது கரையோர ஊர்களுக்கு முதல் கட்ட வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் கட்ட எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் கட்ட எச்சரிக்கையும் விடுக்கப்படுவது வழக்கம்; அதன்பின் வரும் உபரி நீர் ஆற்றில் திறந்துவிடப்படும். முதல் எச்சரிக்கை வந்துவிட்டதென்றால், அணைக்குக் கீழேயுள்ள தரைப்பாலங்களை உங்கள் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, உயர்மட்டப் பாலம் உள்ள இடங்களில் மட்டும் ஆற்றைக் கடக்கும்படி வழியை மாற்றிக்கொள்வது நல்லது. மதுரை நகரிலும் வைகையில் தண்ணீர் பெருகினால் யானைக்கல் தரைப்பாலத்தை மூடிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

அணை நிரம்பவில்லை என்பதால் ஆறு அடங்கியிருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து இறங்கும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகை அணைக்குக் கீழேதான் ஆற்றில் வந்து சேர்கின்றன. மலையில் இரவு கனமழை பெய்திருந்தால், வைகை அணையின் மதகுகள் அடைத்திருந்தாலும் வத்தலக்குண்டு, அணைப்பட்டி, சோழவந்தான் பகுதிகளில் வெள்ளம் வரக்கூடும். இதே காரணத்தால் பெரியகுளத்தின் வராகநதியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கும்பக்கரை, சுருளி அருவிகளில் நீர்வரத்து அதிகரித்தால் வனத்துறை குளிக்கத் தடை விதித்துவிடும். அந்தச் செய்தியையே அருகிலுள்ள ஆறுகள் பெருகுவதற்கான அறிகுறியாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி தரைப்பாலம். தேங்கிய தண்ணீரையும் ஓடும் தண்ணீரையும் ஒன்றாகக் கருதக் கூடாது. தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்குக் கீழே நிற்கிறது, அடியில் குழியில்லை என்பது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தால் தெரிகிறது என்றால், முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தாமல், ஒரே சீரான வேகத்தில் கடந்துவிடலாம். பின்னால் இருப்பவர் இறங்கி நடந்து வருவது இன்னும் நல்லது. ஓடும் தண்ணீர் அப்படியன்று. சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே ஒரு மனிதரின் காலை வாரிவிடும். பக்கவாட்டிலிருந்து தள்ளும் நீருக்கு எதிராக இரண்டு மெல்லிய டயர்களில் நிற்கும் வண்டியால் அதிகம் தாக்குப்பிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, கலங்கிய நீருக்கு அடியில் பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருந்தாலும் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே என் பதில் ஒன்றுதான்: தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். அங்கே நிற்பவர் "போகலாம், நேத்துகூட போனோம்" என்று சொல்லக்கூடும். அவர் போனது டிராக்டரிலா என்று கேட்டுப்பாருங்கள். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து கிராமச் சாலையைக் குறுக்கறுக்கும் இடங்களுக்கும் இதே விதி பொருந்தும். கால்வாய்க் கரையை ஒட்டிய மண்பாதைகளை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தப் பயணத்தில் தவிர்த்துவிடுங்கள். ஈர மண்ணில் வண்டி வழுக்கினால் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் ஓடும் நீர்.

இருவர் சேர்ந்து போகும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் தயங்கும்போது மற்றவர் உற்சாகப்படுத்துவது நட்பின் இயல்பு. ஆதலால், இருவரில் எவர் வேண்டாம் என்றாலும் விவாதமின்றித் திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐப்பசியில் இப்பகுதியில் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் இடியுடன் மழை இறங்கும். விடியற்காலையில் கிளம்பி, மேலக்கால், சோழவந்தான், அணைப்பட்டி வழியாக வத்தலக்குண்டில் காலை உணவை முடித்துக்கொண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியே மூன்று மணிக்குள் தேனியில் அறை எடுத்துவிடுவது முதல் நாளுக்குப் போதும். மறுநாள் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பத்திற்கும், நேரமிருந்தால் லோயர் கேம்ப்பில் உள்ள, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்திற்கும் சென்று திரும்பலாம். முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்து வந்து இறங்கும் இடமும் அதுவே. 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்கின் வயல்கள் அந்த நீரால்தான் விளைகின்றன. அதற்கு மேலே குமுளி மலைச்சாலையில் கனமழையின்போது ஏற வேண்டாம். திரும்பும்போது ஆற்றோரத்தை விட்டுவிட்டு ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாகத் தேசிய நெடுஞ்சாலையில் வந்துவிடுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தால் இந்த நேரக் கணக்கு எதுவும் செல்லாது, பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை, 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வண்டியில் அநேகமாக, இரண்டு பிரேக்குகளையும் இணைக்கும் சிபிஎஸ்தான் இருக்கும். அதில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்குமே தவிர, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. எனவே ஈரச் சாலையில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டிப் பிடியுங்கள். முன் வண்டியோடு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். டிரம் பிரேக் நனைந்துவிட்டால் பிடிக்காது. தண்ணீரைத் தாண்டியவுடன் சிறிது தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டினால் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். மழை தொடங்கிய முதல் 10, 15 நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழம்பி மிகவும் வழுக்கும். டீக்கடையில் ஒதுங்க ஏற்ற நேரம் அதுதான். நடவுக் காலம் என்பதால் வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் சாலையில் சேற்றை உதிர்த்துவிட்டுப் போகும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்குறுக்காகக் கடந்து செல்லுங்கள்.

இருவருக்கும் ஹெல்மெட்டும், மேல்சட்டை கால்சட்டை என இரண்டாகப் பிரிந்த மழைக்கோட்டும் வேண்டும். போர்வைபோல் தொங்கும் கோட்டு சக்கரத்தில் சிக்கும். இடி இடிக்கையில் மரத்தடியில் நிற்காமல் கான்கிரீட் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் செல்ஃபையோ கிக்கரையோ தொடாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது. வலுவில் சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றிய பிறகே முயல வேண்டும். அப்படி ஏதும் நேராவிட்டாலும், வீடு திரும்பியதும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்; இன்ஜின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்துவிட்டது என்று பொருள், மறுபடி ஓட்டுவதற்கு முன் அதை மாற்றியாக வேண்டும்.